பொரோட்டா கொள்ளாம், பில்லு தான் கொள்ளாது: பார்டர் ரோட்டுல ஒரு ஃபேமிலி ரெஸ்டாரன்ட்

கொள்ளாம்னா எங்க பக்கத்துல நல்லாருக்குன்னு அர்த்தம். மொதல்ல சாப்பாட்ட சொல்லிருதேன், பில்லு கதைய எடுத்தேன்னா பொரோட்டாவ மறந்துருவேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துல, மார்த்தாண்டத்துல இருந்து கேரளா பார்டர்ல உள்ள களியக்காவிளை போற வழியில இப்ப புதுசு புதுசா ஃபேமிலி ரெஸ்டாரன்ட் மொளைக்குதே, அதுல ஒண்ணு இது. கடை பேரு போடல. போட்டா அங்க வேல பாக்குற ஒரு அண்ணனுக்கு சங்கடமாயிரும், ஏன்னு கீழ படிச்சா புரியும். நம்ம பக்கத்து ஆளுகளுக்கு அடையாளம் சொல்லாமலே தெரிஞ்சிரும், மத்தவியளுக்கு தெரிஞ்சும் பிரயோஜனம் இல்ல.

கீழ நான்-ஏசி, மேல ஏசி. வாசல்லயே பொரோட்டா கல்லு. மாவ வீசி சுத்தி வச்சு, கல்லுல போட்டு எடுத்து, நாலஞ்ச ஒண்ணா அடுக்கி ரெண்டு கையாலயும் பட்டுனு அடிச்சு உதிர்த்து தான் தட்டுல போடுறாங்க, அந்த அடி விழலன்னா அது பொரோட்டாவே இல்ல. மாஸ்டர் ரெண்டு பேருல ஒருத்தரு அசாம் பையன், கை என்ன வேகம்ங்கிறீங்க. பொரோட்டா ஒண்ணு 15 ரூபா, மெத்துனு இருந்துச்சு, ஓரம் மட்டும் மொறுமொறுனு. சால்னா கேக்காதீங்க, கெடையாது. திருநெல்வேலியில இருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து டேபிள்ல சால்னா கேட்டு சண்டையே போட்டாங்க. இஞ்ச கறி வாங்கலன்னா பீஃப் கிரேவிய கொஞ்சம் சும்மா ஊத்துவாங்க, அது தான் நம்ம பக்கத்து வழக்கம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நாமளும் திருவிதாங்கூர்-கொச்சி ஆளுக தானே, அப்புறம் தமிழ்நாட்டோட இணைஞ்சோம், நாக்கு மட்டும் இன்னும் இணையல.

பீஃப் ரோஸ்ட் தான் ஹீரோ. தேங்காக் கொத்து, நல்லமொளவு (குருமொளகு), கறிவேப்பில, எல்லாம் வெளிச்செண்ணையில, அதாவது தேங்கா எண்ணையில வறுத்து கறுப்பா வந்துச்சு, 160 ரூபா, அளவும் மோசமில்ல. மரச்சீனிய (மரவள்ளிக் கெழங்கு) அவிச்சு தேங்கா போட்டு கொழச்சு குடுக்காங்க, அதுக்கு கூட இருக்க வேண்டிய சாளைக் கறி (மத்தி மீனு) அன்னைக்கு தீந்துபோச்சு, நெத்தோலி ஃப்ரைய வச்சு ஒப்பேத்துனோம். நெய்மீன் பொரிச்சது வேண்டாம், 250 ரூபாய்க்கு ஒரு துண்டு, அதையும் காயவச்ச மாதிரி பொரிச்சிருந்தாங்க. நாடன் கோழிக்கறி ஓகே, எங்க அம்மா வைக்கிறதுல பாதி வரும். குடிக்க பதிமுகம்ங்கிற மரச்சீவல் போட்ட சுடுதண்ணி, அந்த ரோஸ் கலர்ல. எங்க மச்சான் பிள்ளைக அத பாத்துட்டு ஜூஸ்னு நெனச்சு ஐஸ் கேட்டது தனிக் கதை.

மச்சான்னு சொன்னேன்ல, என் வீட்டுக்காரிக்கு அண்ணன். டல்லாஸ்ல இருக்காரு, லீவுக்கு வந்தாரு, அவரு கூட்டிட்டு போயி தான் இந்த சாப்பாடு. சப்ளை பண்ணுன அண்ணன பத்தியும் சொல்லணும். அம்பது வயசு இருக்கும், பாறசாலை பக்கம் வீடு. எட்டு பேரு ஆர்டர் சொன்னோம், ஒரு பேப்பர் எடுக்கல, ஒண்ணு மாறல, சின்னப் பிள்ளைக்கு எரிவு இல்லாம முட்டை வேணும்னு சொல்லாமலே ஒரு புள்ஸ்ஐ போட்டு கொண்டாந்து வச்சாரு, அதையும் பில்லுல ஏத்தல. நான் ஒம்பது வருஷம் இதே வேல பாத்தவன், மூணு வருஷம் தோஹா, ஆறு வருஷம் அமெரிக்கா கம்பெனி க்ரூஸ் கப்பல், அதனால சர்வீஸுக்கு மார்க் போடுறதுல நான் கஞ்சன். இவருக்கு பத்துக்கு ஒம்பதரை.

இப்ப பில்லு.

பிரவுன் ஃபோல்டர்ல சோம்பு, கல்கண்டு எல்லாம் வச்சு வந்துச்சு. சாப்பாடு 1300. அதுக்கு கீழ சின்ன எழுத்துல சர்வீஸ் சார்ஜ் 10 பர்சென்ட், 130. அதுக்கு கீழ 1430-க்கு ஜிஎஸ்டி 5 பர்சென்ட், 71.50. ரவுண்ட் பண்ணி 1502. அதாவது அவங்க போட்ட சர்வீஸ் சார்ஜுக்கும் சேத்து நம்மட்ட வரி வாங்குறாங்க. சாப்பாட்டுக்கு மட்டும் ஜிஎஸ்டி போட்டா 65, மொத்தம் 1365. நடுவுல 137 ரூபா எங்க இருந்து வந்துச்சு? மெனு கார்டுல எங்கயும் எழுதல, வாசல்லயும் ஒட்டல. ஒட்டியிருந்தாலும் கட்டாயமா வாங்க முடியாது, அது வேற விஷயம்.

நெறைய பேருக்கு இந்த கொழப்பம் இருக்கு, சர்வீஸ் சார்ஜ்னா ஏதோ கவர்மென்டு வரின்னு நெனச்சு கட்டிட்டு போயிருவாங்க. பழைய சர்வீஸ் டாக்ஸ் 2017-ல ஜிஎஸ்டி வந்தப்பவே போயிருச்சு. இது கடைக்காரன் தானா போடுற பைசா. 2022 ஜூலை 4-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தெளிவா சொல்லிருச்சு, தானா பில்லுல சேக்கக்கூடாது, வேற பேர்ல வாங்கக்கூடாது, அத சாப்பாட்டு பைசாவோட சேத்து ஜிஎஸ்டி போடக்கூடாதுன்னு. ஓட்டல் சங்கங்கள் டெல்லி ஹைகோர்ட்டுக்கு போனாங்க, 2025 மார்ச் 28-ல கோர்ட்டும் கட்டாயமா வாங்குறது செல்லாதுன்னு சொல்லிருச்சு. பிடிச்சா குடுக்கலாம், நம்ம இஷ்டம். கேட்டும் எடுக்கலன்னா 1915-க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் குடுக்கலாம்.

கவுன்டருக்கு போனேன். சின்னப் பையன் ஒருத்தன் இருந்தான், "சார் அது சிஸ்டத்துல ஆட்டோமேட்டிக்கா வரும், எடுக்க முடியாது"ன்னான். சிஸ்டத்துல போட்டது மனுசன் தானே தம்பி, மனுசன் எடுக்கலாம்னேன். "மொதலாளிய கேக்கணும்". கேளு. "அவரு திருவனந்தபுரம் போயிருக்காரு". செரி, நான் இஞ்ச நின்னே 1915-க்கு போடுறேன், பேசி முடிக்கையில அவரு வந்துருவாருன்னு சொல்லி ஃபோன எடுத்தேன், ரெண்டு நிமிசத்துல சிஸ்டம் கேட்டுச்சு, புது பில்லு 1365. நான் சத்தம் ஒண்ணும் போடல கேட்டியளா, இந்த மாதிரி கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்னு நானும் திட்டு வாங்கியிருக்கேன், அந்த பையன் மேல ஒரு கோவமும் இல்ல.

திரும்பி வந்தா மச்சான் தலையில கை வச்சுட்டு உக்காந்திருக்காரு. "137 ரூபாய்க்கா இவ்வளவு நேரம்? ரெண்டு டாலர் கூட வராதே மச்சான், அந்த மனுசன் எவ்வளவு ஓடுனாரு, அவருக்கு போற காச ஏன் நிறுத்துறீங்க?"

இந்த எடத்துல தான் அமெரிக்காவுக்கும் நமக்கும் கணக்கு மாறுது. நான் ஒண்ணும் பேசாம சப்ளையர் அண்ணன கூப்பிட்டு கையில 140 ரூபா குடுத்தேன். அவரு கவுன்டர் பக்கம் ஒரு பார்வ பாத்துட்டு மெதுவா, "சாரே, பில்லுல போடுறதுல ஒரு பைசா எங்களுக்கு கிட்டாது, இது கிட்டும்"னாரு. அவ்வளவு தான். மச்சான் அதுக்கப்புறம் கார்ல ஏறுற வரைக்கும் வாயத் தொறக்கல.

கார்ல ஏறுனதும் தொறந்தாரு. அவங்க ஊர்ல டேபிள்ல நிக்கிற ஆளுக்கு மொதலாளி குடுக்க வேண்டிய கொறஞ்சபட்ச கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட், ஃபெடரல் கணக்குல. அது 1991-ல வச்சது, இன்னைக்கு வரைக்கும் அதே தான், டெக்சாஸ்லயும் அதே ரேட்டு. மத்த வேலைக்கு ஃபெடரல் மினிமம் 7 டாலர் 25, அது 2009-ல இருந்து நகரல. நடுவுல உள்ள துண்டு டிப்ஸ்ல வரணும், வரலன்னா மொதலாளி போட்டு நெரப்பணும்னு சட்டம். ஆக அங்க டிப்ஸ்ங்கிறது சம்பளம், அத குடுக்க வேண்டியவன் கஸ்டமர். அதனால தான் 18, 20 பர்சென்ட் வைக்கலன்னா அந்த ஆளுக்க மொகத்துல முழிக்க முடியாதுங்கிறாரு. கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலத்துல முழு கூலியும் குடுத்தாகணும், அப்பவும் 20 பர்சென்ட் எதிர்பாக்குறது எதிர்பாக்குறது தான். இப்ப காபி வாங்கி நின்னுட்டே குடிச்சா கூட டேப்லட்ட நம்ம பக்கம் திருப்பி 18, 20, 25 காட்டுதாம், பின்னாடி பத்து பேரு நிக்கையில எவன் 'வேண்டாம்'ங்கிற பட்டன அமுக்குவான்? மச்சான் அமுக்குனதே இல்லையாம். என் தங்கச்சி கல்யாணத்துக்கு மொய் எழுதுறப்ப அமுக்கியிருக்காருன்னு என் வீட்டுக்காரி பின் சீட்ல இருந்து சொன்னா.

அந்த பழக்கத்த அப்படியே இஞ்ச கொண்டாந்து வச்சுட்டு, கூலிக்கு கணக்கே காட்டாம 10 பர்சென்ட்ட மட்டும் எடுத்தா அதுக்கு பேரு டிப்ஸ் இல்ல. எனக்க வாதம் அவ்வளவு தான். குடுக்குறது பிரச்சினை இல்ல, யாருக்க கையில விழுதுங்கிறது தான் பிரச்சினை.

கப்பல்ல நான் இத ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். பயணி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 15 டாலருக்கு மேல கிராஜுவிட்டின்னு அவங்க கணக்குல தானா ஏறிரும், அத ரூம் கிளீன் பண்ணுறவன், டேபிள்ல நிக்கிறவன், அசிஸ்டன்ட்னு பிரிப்பாங்க. அமெரிக்காக்காரன் அதுக்கு மேல கடைசி நாள் ராத்திரி ஒரு கவர் குடுப்பான், அதுல தான் எனக்க வீட்டு தளம் போட்டது. ஆஸ்திரேலியாக்காரன் டிப்ஸ்னா நெத்திய சுருக்குவான், அவனுக்க ஊர்ல மினிமம் கூலியே மணிக்கு 24 அவங்க டாலருக்கு மேல, டேபிள்ல நிக்கிறவனும் அத வாங்குறான், அப்புறம் எதுக்கு மேலங்கிறான். நியாயம் தானே. மொதல் ரெண்டு மாசம் நான் அவங்கள கஞ்சப் பிசினாரிகன்னு தான் மனசுக்குள்ள திட்டிட்டு இருந்தேன்.

ஜப்பான்ல யோகோஹாமாவுல கப்பல் நின்னப்ப நாங்க மூணு பேரு ராமென்ங்கிற நூடுல்ஸ் கடைக்கு போனோம். உள்ள போன ஒடனே ஒரு மெஷின், அதுல பைசா போட்டு டிக்கெட் எடுத்து கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறவருகிட்ட குடுக்கணும், நம்ம ஆஸ்பத்திரி கேன்டீன் டோக்கன் மாதிரி. பில்லே இல்ல, ஃபோல்டர் இல்ல, சோம்பு இல்ல, டிப்ஸ எங்க கொண்டு வைக்க? கூட வந்த கோவாக்காரன் கேக்காம 500 யென் நாணயத்த கிண்ணத்துக்கு பக்கத்துல வச்சுட்டு எந்திரிச்சான், அந்த பெரியவரு அத எடுத்துட்டு ரோடு வரைக்கும் வந்து ரெண்டு கையாலயும் நீட்டுறாரு. மறந்து வச்சுட்டு போறோம்னு நெனச்சிருக்காரு. வாங்கிட்டு வந்தோம், வேற என்ன செய்ய.

தோஹா வேற மாதிரி. கரக் சாயா கடை, கார்ல வந்து ஹாரன் அடிப்பான், நாம ஓடிப் போயி குடுக்கணும், அப்ப ஒரு கப்பு ஒரு ரியால். அஞ்சு ரியால் நீட்டிட்டு "கல்லி அல்பாக்கி"ன்னு சொல்லிட்டு கண்ணாடிய ஏத்திருவான். பாக்கிய வச்சுக்கோன்னு அர்த்தம். அந்த பாக்கியும் நம்ம ஊரு மளிகைக் கடை பாக்கியும் ஒரே சொல்லு தான், அரபியில இருந்து வந்தது. இஞ்ச பாக்கின்னா நாம குடுக்க வேண்டியது, அங்க நமக்கு கிட்டுனது. மூணு வருஷத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச அரபிச் சொல்லு அது.

ஐரோப்பா பக்கம் ஃபிரான்ஸ்ல மெனுவுல போட்டிருக்க விலையிலயே சர்வீஸ் அடங்கிரும், மேல சில்லறை வச்சா சந்தோஷம், வைக்கலன்னா யாரும் பாக்க மாட்டாங்க. ஜெர்மனியில கார்டு நீட்டுறப்பவே "முப்பதா எடுத்துக்கோ"ன்னு ரவுண்ட் பண்ணி சொல்லிரணும், டேபிள்ல வச்சுட்டு போறது அவங்களுக்கு பழக்கம் இல்ல. அதுக்கு அவங்க சொல்லு ட்ரிங்க்கெல்ட், குடிக்கிற காசு. ஃபிரெஞ்சுலயும் பேரு குடிக்கிறதுக்குன்னு தான். நாம டீச் செலவுக்கு வச்சுக்கோங்கிறோம்ல, எல்லா ஊர்லயும் டிப்ஸுக்கு தொண்ட காஞ்சு தான் கெடந்திருக்கு போல. சிங்கப்பூர்ல மெனு விலைக்கு பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா உஷார், ஒண்ணு 10 பர்சென்ட் சர்வீஸ், இன்னொண்ணு 9 பர்சென்ட் ஜிஎஸ்டி, ஆனா ஹாக்கர் சென்டர்ல அதெல்லாம் கெடையாது, சாப்பிட்டு தட்ட திருப்பி வச்சுட்டு வரணும். பிரிட்டன்ல 2024 அக்டோபர் 1-ல இருந்து ஒரு சட்டம், கஸ்டமர் குடுக்குற டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுசா வேலக்காரங்களுக்கு தான் போகணும், மொதலாளி அதுல கை வைக்கக்கூடாதுன்னு. பாத்தீங்களா, வெள்ளக்காரனுக்கே சட்டம் போட்டு தான் சொல்ல வேண்டியிருக்கு.

ஒரு வாரம் கழிச்சு நான் மட்டும் பைக்க எடுத்துட்டு மறுபடி போனேன். ரிவ்யூ எழுதுறதுக்காக இல்ல, பீஃப் ரோஸ்ட்டுக்காக. மத்தியானம் மூணு மணி, கூட்டம் இல்ல, அந்த அண்ணன் சாயா கொண்டாந்து வச்சுட்டு நின்னு பேசுனாரு. முன்னாடி அவரு பார்டர் தாண்டி ஒரு பழைய பொரோட்டா கடையில இருபது வருஷம் நின்னவராம். அங்க பில்லே கெடையாது, சாப்பிட்டு முடிச்சு கை கழுவ போறப்ப அவரு இருந்த எடத்துல இருந்தே கவுன்டருக்கு "எழுபத்தஞ்சு!"ன்னு கத்துவாரு, நூற நீட்டுனா இருவத்தஞ்சு கைக்கு வரும், அதுல அஞ்சோ பத்தோ திரும்பி வர்ற வழியில சட்டப் பையில சொருகிட்டு போறது சில பேரு, ஒண்ணும் குடுக்காம தோளுல தட்டிட்டு போறது பல பேரு. யாரும் அத தப்பா எடுக்குறதில்ல.

இப்ப என்னாச்சுன்னா எல்லாம் க்யூஆர் கோடு. 1365-னா 1365 தான் போகும், சில்லறைன்னு ஒண்ணு கையில வந்தா தானே அத விட்டுட்டு போக மனசு வரும். நூறு, நூத்தம்பது கிட்டுன நாள்ல இப்ப முப்பது கிட்டுனா பெருசுங்கிறாரு. நம்ம பேர்ல ஒரு க்யூஆர் வச்சுக்கலாமேன்னு கேட்டேன். சிரிச்சாரு. மேல கேமராவ காட்டுனாரு. கவுன்டர்ல ஒரு டிப்ஸ் டப்பா இருக்கு, பாத்திருப்பீங்க, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், கையில கிட்டுறத அதுல போட்டு ஞாயித்துக்கெழம ராத்திரி பதினோரு பேருக்கும் பிரிப்பாங்களாம், பொரோட்டா அடிக்கிற பையனுக்கும் பாத்திரம் கழுவுற அக்காவுக்கும் சேத்து. அது அவங்களுக்குள்ள வச்சுக்கிட்ட ஏற்பாடு, மொதலாளி தொடுறதில்ல. அப்ப நான் அன்னைக்கு குடுத்த 140? "பாட்டில்ல போட்டேன் சாரே"ன்னாரு. எனக்கு கொஞ்சம் சப்புனு ஆச்சு, அவருக்குன்னு தான குடுத்தேன்னு. அப்புறம் அந்த பொரோட்டா அடி நெனவு வந்துச்சு, செரி போட்டும்.

சர்வீஸ் சார்ஜ் இன்னும் பில்லுல வருதான்னு கேட்டேன். வருது. கேக்குறவங்களுக்கு எடுப்பாங்க, கேக்காதவங்களுக்கு இருக்கும். அதனால தான் இத எழுதுறேன். நெறைய பேரு குடும்பத்தோட போற எடம், பொம்பளைக பிள்ளைக முன்னாடி பில்லுக்கு வாதாட வெக்கப்பட்டே விட்டுருவாங்க, அத நம்பி தான் அந்த சார்ஜ் பில்லுல உக்காந்திருக்கு. நீங்க கவுன்டர்ல "சர்வீஸ் சார்ஜ எடுத்துட்டு பில்லு போடுங்க"ன்னு ஒரே வாக்கியம் சொன்னா போதும், இப்ப அந்த பையனுக்கும் பழகிருக்கும்.

மார்க்கு: பொரோட்டா, பீஃப் ரோஸ்ட், மரச்சீனிக்கு நாலரை ஸ்டார். மீன் பொரிச்சதுக்கு ஒண்ணு. சப்ளைக்கு அஞ்சு. பில்லுக்கு போட ஸ்டார் இல்ல. பார்க்கிங் கஷ்டம், எதுத்தாப்புல விட்டா கேரளா பஸ்சு உரசிட்டு போவும். ஞாயித்துக்கெழம ராத்திரி எட்டு மணிக்கு மேல போனா அர மணி நேரம் நிக்கணும். சாளைக் கறி வேணும்னா பன்னெண்டரைக்குள்ள போயிருங்க, கையில பத்து, இருவது ரூபா நோட்டு ரெண்டு மூணு வச்சுக்கோங்க, ஹார்லிக்ஸ் பாட்டில் கவுன்டருக்கு எடது பக்கம், விளக்கு ஏத்தி வச்சிருக்க படத்துக்கு கீழ இருக்கு.